கண்டக்டர் பையில் வந்த பழைய காசுகள்: விற்கலாமா, வைத்திருப்பதே தப்பா?

ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

31 ஆண்டுகள் டிக்கெட் கிழித்தவர் அவர். பையில் விழும் சில்லறையில் பழைய காசோ, பார்த்திராத காசோ கண்ணில் பட்டால், அதே மதிப்புக்குத் தன் கைக்காசைப் போட்டுவிட்டு அதை எடுத்து வைத்துக்கொள்வாராம். அப்படியே ஒரு பிஸ்கட் டப்பா நிறைந்துவிட்டது. ஏறத்தாழ 1,400 காசுகள். தாமரை போட்ட பித்தளை 20 பைசா, அறுகோண 3 பைசா, காண்டாமிருகம் போட்ட 25 பைசா, நேரு, இந்திரா நினைவு நாணயங்கள், வைஷ்ணவ தேவி 5 ரூபாய் எல்லாம் அதில் இருக்கின்றன. ராத்திரி ட்ரிப்பில் யாரோ ஒரு ரூபாய் என்று நினைத்துத் தந்த 1835-ஆம் ஆண்டுச் செப்புக் காலணாவும் உண்டு. 1986-இல் ஒரு பாட்டி 60 பைசா டிக்கெட்டுக்கு முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்த ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயும் உண்டு.

போன மாதம் மருமகன் ஒரு வீடியோவைக் காட்டியிருக்கிறார். வைஷ்ணவ தேவி காசு வைத்திருந்தால் லட்சாதிபதி என்று சொல்லும் வீடியோ. அதில் இருந்த எண்ணுக்கு இவர் படங்களை அனுப்ப, அரை மணி நேரத்தில் போன் வந்திருக்கிறது. மூன்று காசுக்கு 9 லட்சம் தருகிறோம் என்றார்களாம். ரிசர்வ் வங்கி முத்திரையோடு வாட்ஸ்ஆப்பில் ஒரு கடிதமும் வந்தது. பதிவுக் கட்டணம் என்று 2,750 ரூபாய் கட்டிவிட்டார். ஆதார், பான் படங்களையும் அனுப்பிவிட்டார். இப்போது ஜி.எஸ்.டி.க்காக 18,600 ரூபாய் கேட்கிறார்கள். தயங்கியதும் பேச்சு மாறிவிட்டது. அரசு நாணயத்தைப் பதுக்குவது குற்றம், வீட்டுக்குப் போலீஸ் வரும் என்கிறார்கள். செப்புக் காலணாவை மட்டும் துபாயில் இருக்கும் ஒருவருக்கு கூரியரில் அனுப்பச் சொல்கிறார்கள்.

வீட்டில் மனைவி, “எல்லாத்தையும் கோயில் உண்டியல்ல போட்டுட்டு நிம்மதியா இருங்க” என்கிறார். மைத்துனர் உருக்கி விற்றுவிடச் சொல்கிறார். கடிதத்தின் கடைசி வரி இது: “நான் செய்தது திருட்டா என்று மட்டும் சொல்லுங்கள், தூக்கம் வரவில்லை.”

ஐயா, அந்தக் கடைசி வரிக்குத்தான் முதல் பதில். நீங்கள் செய்தது திருட்டு இல்லை. நேர்மையற்ற எண்ணம் இல்லாமல் திருட்டு என்ற குற்றமே கிடையாது. நம்பிக்கை மோசடிக்கும் அதே எண்ணம் வேண்டும். பத்து பைசாவை எடுத்து, அந்த இடத்தில் பத்து பைசாவை வைத்தீர்கள். போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு பைசா நஷ்டமில்லை, கணக்கும் குறையவில்லை. வேலை நேரத்தில் சொந்தப் பணத்தைப் பையில் கலக்கக் கூடாது என்று உங்கள் துறையில் விதி இருந்திருக்கலாம். செக்கிங் வந்தால் இன்ஸ்பெக்டர் கேட்டிருப்பார், நீங்களும் விளக்கம் சொல்லியிருப்பீர்கள். அது துறை ஒழுங்கு சம்பந்தப்பட்டது. குற்றவியல் சட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இன்று ராத்திரி தூங்குங்கள்.

அடுத்து, அந்த 18,600 ரூபாயைக் கட்டாதீர்கள். ஒரு ரூபாய் கூடக் கட்டாதீர்கள்.

விற்கிறவர் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பொருள் உங்களுடையது, வாங்குகிறவர் அவர். பணம் அவர் கையிலிருந்து உங்கள் கைக்கு வர வேண்டும். 31 ஆண்டுகளில் எந்தப் பயணியாவது உங்களிடம் டிக்கெட் வாங்க, நீங்கள் முன்பணம் கட்டியது உண்டா? இங்கே நடப்பது அதுதான். வீட்டில் இருக்கும் பழைய பொருளை எப்போதாவது விற்கிற ஒரு தனி மனிதரிடம் ஜி.எஸ்.டி. கேட்க முடியாது. நாணய வியாபாரம் உங்கள் தொழில் இல்லை. வாங்குகிறவர் ஏதாவது வரி பிடித்தே ஆக வேண்டும் என்றால், உங்களுக்குத் தரும் தொகையில் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். முன்கூட்டி உங்களிடமிருந்து வாங்கும் வரி எதுவும் இந்த நாட்டில் இல்லை.

ரிசர்வ் வங்கி முத்திரையைப் பார்த்து நம்பினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முத்திரையைக் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட் 4 அன்று பொதுமக்களை எச்சரித்தது. பழைய நாணயம், பழைய நோட்டு வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் இல்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தங்கள் சார்பில் வசூலிக்க எந்த நிறுவனத்துக்கும் தனிநபருக்கும் அதிகாரம் தரவில்லை என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு மேல் சந்தேகத்துக்கு இடமில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. வரிசையாகச் சொல்கிறேன், மருமகனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு இன்றே போன் செய்யுங்கள். பணம் அனுப்பிய நாள், நேரம், பரிவர்த்தனை எண் எல்லாம் கையில் இருக்கட்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். பணம் போய் நாளாகிவிட்டது, திரும்பி வரும் என்று நான் வாக்குத் தர முடியாது. ஆனால் அந்தக் கணக்கை முடக்கினால் இன்னொரு குடும்பம் தப்பிக்கும்.

2. வாட்ஸ்ஆப் உரையாடலையும் அந்தப் போலிக் கடிதத்தையும் அழிக்காதீர்கள். கோபத்தில் பலர் அழித்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். அதுதான் உங்கள் சாட்சியம். ஏமாற்றிப் பணம் பறிப்பது புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-இன் கீழ் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பழைய சட்டத்தில் இதைத்தான் 420 என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

3. ஆதார், பான் படங்கள் போயிருப்பதால் வங்கியில் நேரில் போய்த் தகவல் சொல்லுங்கள். ஆதாரின் கைரேகைப் பதிவைப் பூட்டி வைக்க வசதி இருக்கிறது, அதைச் செய்துவிடுங்கள். உங்கள் பெயரில் புதிதாகக் கடன் ஏதும் கிளம்பியிருக்கிறதா என்று சில மாதங்களுக்குக் கடன் அறிக்கையைப் பார்த்து வாருங்கள்.

4. கொஞ்ச நாள் கழித்து வேறு ஒருவர், “நீங்கள் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன், ஒரு சிறிய கட்டணம்தான்” என்று கூப்பிடக்கூடும். பெரும்பாலும் அதே கும்பல்தான். போனை வைத்துவிடுங்கள்.

போலீஸ் வரும் என்ற மிரட்டலைப் பற்றிப் பயப்படாதீர்கள். வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு ஒருவர் தோன்றி “டிஜிட்டல் கைது” என்று சொன்னாலும் சரி. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது.

வைத்திருப்பது குற்றமா?

இல்லை. ஆனால் இதில் மூன்று சட்டங்கள் குறுக்கே வருகின்றன. மூன்றையும் கலந்து குழப்பித்தான் அவர்கள் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள்.

முதலாவது, 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மண்ணில் புதைந்து கிடந்ததைக் கண்டெடுத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அது. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கலயம் கிடைத்தால் பொருந்தும். டிக்கெட் பையில் விழுந்த காசு புதையல் ஆகாது.

இரண்டாவது, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம். இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். 100 ஆண்டுக்குக் குறையாத வயதுள்ள நாணயம் இந்தச் சட்டப்படி தொல்பொருள். உங்கள் 1835 காலணா அதில் அடங்கும். வைத்திருக்கலாம், பேரனுக்குக் கொடுக்கலாம், உள்நாட்டில் எப்போதோ ஒருமுறை விற்பதிலும் தவறில்லை. அதையே வியாபாரமாகச் செய்தால்தான் உரிமம் வேண்டும். ஆனால் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. அனுப்பினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. துபாய்க்கு கூரியர் போடச் சொன்னார்களே, அதைச் செய்திருந்தால் இதுவரை எந்தத் தப்பும் செய்யாத நீங்கள் அன்றைக்குத்தான் உண்மையாகவே சட்டத்தை மீறியிருப்பீர்கள். இந்த ஒரு விஷயத்தில் தயங்கியதற்கு உங்களைப் பாராட்டுகிறேன்.

மூன்றாவது, 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம். மைத்துனரின் யோசனைக்கு இதுதான் பதில். செல்லுபடியாகும் நாணயத்தை உருக்குவது ஏழு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். தேவைக்கு மிக அதிகமாகச் சில்லறையைக் குவித்து, முகமதிப்பை விடக் கூடுதலாக விற்கவோ உருக்கவோ வைத்திருப்பதும் அதே பிரிவில் வருகிறது. மூட்டை மூட்டையாகச் சில்லறையை முடக்குகிறவர்களுக்காக எழுதப்பட்ட பிரிவு இது. மாதிரிக்கு ஒன்றாக, ஆண்டுக்கு ஒன்றாக டப்பாவில் சேர்த்தவரை நினைத்து எழுதியதில்லை. இருந்தாலும் உங்கள் டப்பாவில் ஒரே மாதிரி 5 ரூபாய் நாணயம் நூறு, நூற்றைம்பது இருந்தால், நல்லதாகப் பத்தை வைத்துக்கொண்டு மீதியைச் செலவழித்துவிடுங்கள். என் சொந்த யோசனை இது.

உண்டியலைப் பற்றி உங்கள் வீட்டம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். 25 பைசாவும் அதற்குக் கீழ் உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. உண்டியலில் போட்டாலும் அங்கேயும் அது செல்லாக்காசுதான். 50 பைசா இன்றும் செல்லும், கடைக்காரர் வாங்க மறுத்தாலும் செல்லும். ரூபாய் குறியீடு இல்லாத பழைய 10 ரூபாய் நாணயமும் செல்லும். அதுவரை 14 வடிவங்களில் வந்தவை எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

பழசு என்பதாலேயே விலை வராது

இதைச் சொல்லும்போது உங்கள் மனம் கொஞ்சம் வாடும் என்று தெரிகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அந்த மூன்று காசுக்கு 9 லட்சம் யாரும் தரமாட்டார்கள். வைஷ்ணவ தேவி நாணயம் 2012-இல் புழக்கத்துக்கு விட்ட நினைவு நாணயம். நாடு முழுக்கக் கைமாறியது, அரிதானது இல்லை. சாமி படம் இருப்பதால் ராசி என்று பேச்சு கிளம்பியது, அந்தப் பேச்சைச் சிலர் காசாக்கினார்கள்.

நாணயத்தின் விலை மூன்று விஷயங்களில் நிற்கிறது. எத்தனை அச்சானது, அதில் எத்தனை இன்னும் மிஞ்சியிருக்கிறது, உங்கள் கையில் இருப்பது எந்த நிலையில் இருக்கிறது. வயது இந்த மூன்றுக்கும் பிறகுதான். 1835 காலணா ஏராளமாக அச்சான காசு, அதனால் இத்தனை வயதாகியும் சாதாரண விலைதான். அதற்கு நூறு வருஷம் இளைய 1939-ஆம் ஆண்டு பம்பாய் வெள்ளி ரூபாய் மிக அரிது, பெரும்பாலானவை உருக்கப்பட்டுவிட்டன. அரிது என்பதாலேயே அதற்குப் போலிகளும் அதிகம். உங்களிடம் 1939 போட்டது இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

தாமரை போட்ட 20 பைசாவில் தங்கம் கலந்திருக்கிறது என்று நீங்களும் கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் சின்ன வயதில் கேட்ட கதைதான். அதில் இருப்பது செம்புக் கலவை, தங்கம் துளியும் கிடையாது. 1968 முதல் 1971 வரை அச்சடித்தார்கள். நன்றாகத் தேய்த்தால் பளபளக்கும், அதனால்தான் அந்தக் கதை.

ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த நாணயச் சாலையில் அச்சானது என்பதைக் காட்டும் குறி ஆண்டுக்குக் கீழே இருக்கும், பாருங்கள். சின்ன வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி என்றால் நொய்டா, எதுவுமே இல்லை என்றால் கொல்கத்தா. 1985 ஒரு ரூபாயில் “எச்” என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தில் அச்சடித்து வந்தது. ஒரே ஆண்டு, ஒரே காசு, ஆனால் வேறு வேறு நாணயச் சாலை. இதைப் பார்க்கத் தொடங்கினால் உங்கள் 1,400 காசும் புதிதாகத் தெரியும். 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் நாணயம் இருக்கிறதா பாருங்கள். 2009-இல் வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாயில் அவருடைய கையெழுத்தைத் தமிழிலேயே பொறித்திருக்கிறார்கள். 2010-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டுக்கு ஒரு 5 ரூபாய் வந்தது. இவை எதுவும் உங்களை லட்சாதிபதி ஆக்காது. ஆனால் உங்கள் பையில் இவை விழாமல் போயிருக்க வாய்ப்பில்லை.

விற்க முடிவு செய்தால்

முதல் விதி, கழுவாதீர்கள். புளி, விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம். செம்புக் காசில் இருக்கும் பழுப்பு அதன் வயது. அதைத் தேய்த்துப் போக்கினால் சேகரிப்பவர்கள் விலையைக் குறைத்துவிடுவார்கள். பச்சைக் களிம்பு பரவியிருந்தால் அந்தக் காசை மட்டும் தனியே எடுத்து வையுங்கள், விவரம் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டு அப்புறம் தொடலாம். ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், முகத்தில் விரல் படக் கூடாது. மலிவான மெத்தென்ற பிளாஸ்டிக் உறை நாளாவட்டத்தில் காசில் ஒட்டி அரித்துவிடும். சாதாரணக் காகித உறையே பரவாயில்லை.

பிறகு நேரில்தான் போக வேண்டும். பெரிய ஊர்களில் நாணயச் சேகரிப்பாளர்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள், கண்காட்சி நடத்துகிறார்கள். நுழைந்து ஒரு நாள் முழுக்க வேடிக்கை பாருங்கள். உங்களிடம் இருப்பது போன்ற காசை என்ன விலைக்குத் தருகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் விற்கும் விலை அது, உங்களிடம் வாங்கும் விலை அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மூன்று பேரிடமாவது காட்டாமல் எதையும் கைமாற்ற வேண்டாம். டப்பாவை மொத்தமாக எடை போட்டுக் கேட்கிறவரிடம் கொடுக்கவே வேண்டாம்.

கடிதத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தீர்கள். நண்பர் ஒருவர் ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818-ஆம் ஆண்டு கம்பெனி இரண்டணாவை 15,000-க்குத் தருவதாகச் சொல்கிறாராம். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை அச்சடித்ததே இல்லை. பிற்காலத்தில் யாரோ பட்டறையில் செய்தது. அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது என்று சொல்லி விற்பதும் இதே வகைதான். நண்பரும் பாவம், ஏமாந்திருப்பார். அவரிடமும் சொல்லுங்கள்.

அந்தப் பாட்டியின் ரூபாய்

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது இந்தப் பகுதியைத்தான். கூட்டத்தில் பார்க்கவில்லை, 40 பைசா மீதி கொடுத்தேன், ராத்திரி கணக்குப் பார்க்கும்போதுதான் வெள்ளி என்று தெரிந்தது, மறுநாள் அதே வண்டியில் தேடினேன், பிறகு பார்க்கவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தில் இதற்கு ஒரு பெயரும் இல்லை. கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. தெரிந்த பிறகு தேடியிருக்கிறீர்கள். நேர்மையற்ற எண்ணத்துக்கு நேர் எதிரான செயல் அது.

உங்களை உறுத்துவது அதன் விலை என்றால், அதையும் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1944 என்று எழுதியிருக்கிறீர்கள். 1940 முதல் வெள்ளி ரூபாயில் பாதிதான் வெள்ளி, மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். மொத்த எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதில் வெள்ளி ஆறு கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. நகைக்கடையில் தராசில் வைத்துப் பாருங்கள், எடை சரியாக இருந்தால் காந்தத்தையும் காட்டிப் பாருங்கள், ஒட்டக் கூடாது. 1947-இல் வந்த புலி போட்ட ரூபாய்தான் முழு நிக்கல், அது ஒட்டும். பாட்டியின் ரூபாயில் உள்ள வெள்ளிக்கான தொகையை உண்டியலில் போட்டால் மனம் ஆறும் என்றால் போடுங்கள், வீட்டம்மாவுக்கும் திருப்தியாக இருக்கும். காசை மட்டும் போட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அங்கே அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

எந்தத் தடத்தில், எந்த ஆண்டில், யார் கையிலிருந்து வந்தது என்று பல காசுகளுக்கு உங்களுக்கு நினைவிருக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. சேகரிப்பாளர்கள் பெரும் பணம் கொடுத்து வாங்கிய காசுகளுக்குக் கூட அந்த விவரம் பெரும்பாலும் கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முதல் பக்கத்தில் இந்த ரூபாயை எழுதுங்கள்: 1986, தடம் எண், 60 பைசா டிக்கெட், முந்தானை முடிச்சு, 40 பைசா மீதி. உறையின் மேலும் அதையே எழுதி உள்ளே வையுங்கள். மீதி 1,399-ஐ மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

1930-க்கு போன் செய்துவிட்டு, புகார் எண் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள்.